செருப்புக்குக் காவல்

விடுமுறை என்ற சொல்லுக்குப் பெரியவர்கள் ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வேறொரு பொருள் வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு விடுமுறை என்பது பார்த்து முடிக்க வேண்டிய இடங்களின் பட்டியல். பிள்ளைகளுக்கோ அது, "கெதியாய் வா" என்று அதட்ட ஆளில்லாத ஒரு நாள். இவ்விரண்டு பொருள்களும் ஒரே வாகனத்தில் ஏறிப் புறப்படும்போதுதான் தொல்லை ஆரம்பமாகிறது.

நத்தார் நெருங்கும் இந்நாட்களில் இதைப் பற்றி எழுத எனக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் திருகோணமலை. உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்த அதே ஊர்தான். வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் இங்கு வரும் காலம் பெரும்பாலும் மே மாதம் முதல் செப்டெம்பர் வரை. அப்பொழுது எங்கள் கடல் குளத்து நீரைப்போல அடங்கிக் கிடக்கும். ஆனால் நம் நாட்டுக் குடும்பங்கள் கடலின் பருவத்தைப் பார்த்துப் புறப்படுவதில்லை. பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையைப் பார்த்தே புறப்படுகின்றன. ஆகவே வடகீழ்ப் பருவக்காற்று வீசி, வானம் மப்பும் மந்தாரமுமாக இருக்கும் டிசெம்பர் மாதக் கடைசியில்தான் உறவினர் கூட்டம் எங்கள் வாசலை நிறைக்கிறது. கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளைச் சுற்றி வாளிகளின் ஓசை ஓய்வதில்லை. கச்சான் கடைகளுக்கு நல்ல வியாபாரம்.

முந்தைய வருஷம் என் மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளோடு கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார்கள். பேரனுக்கு அப்பொழுது எட்டு வயது, பேத்திக்கு ஐந்து. வந்த அன்றிரவே மருமகன் ஒரு தாளை என் முன்னால் விரித்தார்.

"மாமா, ஒரே நாளில் ஐந்து இடம். நேரம் எல்லாம் கணக்குப் போட்டுவிட்டேன்" என்றார்.

காலை ஏழு மணிக்குக் கோணேசர் கோயில். ஒன்பதுக்குக் கன்னியா. பதினொன்றுக்கு நிலாவெளிக் கடற்கரை. அங்கிருந்து படகில் புறாமலை. பின்னேரம் சீனக்குடாப் பக்கத்தில் விமானப் படையினர் பராமரிக்கும் மாபிள் கடற்கரை. பட்டியல் அழகாகத்தான் இருந்தது. மார்கழிக் கடலில் புறாமலைக்குப் படகு எடுப்பது வழக்கமில்லை என்பது எனக்குத் தெரியும். சொன்னால் பிள்ளையின் உற்சாகம் கெட்டுவிடுமே என்று பேசாதிருந்தேன். இங்கே பிள்ளை என்று நான் சொல்வது மருமகனைத்தான்.

உண்மையான பிள்ளைகளின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. பேரன் மட்டும் தானாகவே ஒரு வார்த்தை சொன்னான். அவன் கைத்தொலைபேசியில் ஏதோ ஒரு விளையாட்டுப் பூங்காவைப் பார்த்திருந்தான். உயரத்திலிருந்து தண்ணீரோடு சறுக்கி விழும் பூங்கா. "அம்மப்பா, இங்கே அப்படி ஒன்று இல்லையா?" என்றான். "இல்லை" என்றேன். அவன் முகம் தொங்கிப் போயிற்று. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாட் காலை கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே போனோம். பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாமல் உலாவுவதை வந்தவர்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். ஒரு தாய்மான் குட்டியின் காதை நக்கிக்கொண்டு நின்றது. பேத்தி அப்படியே நின்றுவிட்டாள். மருமகன் தொலைபேசியைப் பார்த்துச் சரித்திரம் வாசித்தார்: 1622 ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் மலைமேலிருந்த பழைய கோயிலை இடித்தது, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியது, 1803 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் அதற்குத் தங்கள் இளவரசர் ஒருவரின் பெயரைச் சூட்டியது. எல்லாம் அறிய வேண்டிய விஷயங்களே. ஆனால் பேத்தி கேட்ட கேள்வி வேறு.

"இந்த மானுக்கு யார் சாப்பாடு போடுகிறது?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. "பிறகு பார்க்கலாம், வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அந்தப் 'பிறகு' என்ற சொல்லை அன்று எத்தனை முறை சொன்னோம் என்று எண்ணியிருந்தால் எங்களுக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

கோயிலருகே பாதணிகளைக் கழற்றும் இடம் வந்தது. நத்தாருக்கென்று அம்மம்மா வாங்கிக் கொடுத்த சிவப்புச் செருப்பைப் பேத்தி அன்றுதான் முதன் முதலாகப் போட்டிருந்தாள். அதை நூற்றுக்கணக்கான செருப்புகளுக்கு நடுவே விட்டுவர அவளுக்கு மனமில்லை. "என் செருப்பை யாரும் எடுத்தால்?" என்று தாயிடம் கேட்டாள். பிறகு தகப்பனிடம் கேட்டாள். பிறகு என்னிடமும் கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "ஒருவரும் எடுக்க மாட்டார்கள், நட" என்றேன்.

தரிசனம் முடித்து வெளியே வந்து தலைகளை எண்ணியபோது ஒரு தலை குறைந்தது.

வாசகர்களே, பெற்றவர்களுக்கும் வளர்த்தவர்களுக்கும் அந்த நிமிஷத்தை விவரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் மற்றவரின் கையில் பிள்ளை இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறோம். அந்த மலையின் ஒரு பக்கம் கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்குவது. இராவணன் வெட்டு என்று நாம் காட்டி மகிழும் அந்தப் பிளவின் பெயரே அப்பொழுது என் நெஞ்சை அறுத்தது. மருமகன் அந்தப் பக்கமாக ஓடினார். மகள் பெயரைச் சொல்லிக் கூவினாள். கூட்டத்தின் இரைச்சலில் அந்தக் குரல் பத்தடிக்கு அப்பால் போகவில்லை. என் மனைவி படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்குள் நான் நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்து முடித்தேன்.

கடைசியில் அவளைக் கண்டது பேரன். பாதணிகள் குவிந்து கிடந்த இடத்தில், சிவப்புச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கச்சான்காரப் பெண்மணியின் பக்கத்தில் அவள் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். கையில் கச்சான் சுருள். அழுகையில்லை. நாங்கள்தான் அழுதோம்.

"எங்கே போனாய், குஞ்சு?" என்று மகள் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"நான் எங்கேயும் போகவில்லை. செருப்புக்குக் காவல் இருந்தேன். நீங்கள்தான் காணாமற் போனீர்கள்" என்றாள் அவள்.

அன்றைய பட்டியலில் மிச்சமிருந்ததையும் நாங்கள் விடவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கன்னியாவில் கூட்டம்; பிள்ளைகளின் தலையில் ஆளுக்கு இரண்டு வாளி ஊற்றித் துவட்டாத குறையாக வண்டியில் ஏற்றினோம். நிலாவெளியில் கடல் சாம்பல் நிறமாகக் குமுறிக்கொண்டிருந்தது, படகு இல்லை. மாபிள் கடற்கரைக்குப் போய்ச் சேருமுன்பே பேரன் வண்டிக்குள் வாந்தி எடுத்தான். இரவு இரண்டு பேருக்கும் காய்ச்சல். தாளில் ஐந்து இடங்களில் நான்குக்கு நேராகச் சரி அடையாளம் போட்டிருந்தது.

அன்றிரவு நித்திரை வராமல் யோசித்தேன். நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. மூட்டைகளைப் போலத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். மூட்டையிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. மூட்டை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதுமில்லை. இறக்கி வைத்த இடத்தில் அது இருக்கும் என்று நம்புகிறோம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காலும் உண்டு, கவலையும் உண்டு. அவள் மூன்று முறை தன் கவலையைச் சொன்னாள். ஒருவர் காது கொடுத்து, "சரி, அதை ஒரு பைக்குள் போட்டு நாமே வைத்திருப்போம்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பதினைந்து நிமிஷம் நம் வாழ்க்கையில் இல்லாமற் போயிருக்கும்.

பேரன் கேட்ட அந்த விளையாட்டுப் பூங்காவின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். இத்தகைய பூங்காக்களுள் ஒன்றான டிஸ்னிலாண்ட் 1955 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17 ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் திறக்கப்பட்டது. போலி அழைப்பிதழ்களோடு வந்தவர்களும் சேர, எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகச் சனம் கூடிவிட்டதாம். வெயிலோ தாங்க முடியாதது, குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடு, புதிதாகப் போட்ட தார் இளகி, சீமாட்டிகளின் குதியுயர்ந்த சப்பாத்துகள் அதில் புதைந்தனவாம். கூட்டமும் களைப்பும் எங்கள் கோணேசர் மலைக்கு மட்டும் உரியவை அல்ல என்று அறிந்து நான் சற்று ஆறுதலடைந்தேன்.

ஆனால் அந்தப் பூங்கா எப்படிப் பிறந்தது என்பதுதான் என் மனதைத் தொட்டது. வால்ட் டிஸ்னி தம்முடைய இரண்டு பெண் பிள்ளைகளையும் வார விடுமுறைகளில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து இராட்டினத்துக்கு அழைத்துப் போவாராம். பிள்ளைகள் குதிரையேறிச் சுற்றுவார்கள். தகப்பன் வாங்கில் உட்கார்ந்து கச்சான் கொறித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்த வாங்கில்தான் அவருக்குத் தோன்றியதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கவனியுங்கள்: சேர்ந்து மகிழ என்பதே அவர் நோக்கம். அதற்குக் கோடிக்கணக்கான பணம் செலவழித்துப் பூங்கா கட்டலாம். கட்ட வசதியில்லாத நாம், பிள்ளையோடு மான் முன்னால் பத்து நிமிஷம் நிற்கலாம்.

சென்ற வருஷம் அவர்கள் மறுபடியும் வந்தபோது தாளும் பேனாவும் பிள்ளைகளின் கைக்குப் போயின. பெரியவர்கள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தோம்: ஒரு நாளைக்கு ஓரிடம். பேத்தி எழுதினாள்: 'மான்'. பேரன் எழுதினான்: 'வெந்நீர்க் கிணறு ஏழிலும் கை வைக்க வேண்டும்'. மருமகன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "மாமா, என் பட்டியலைவிட இது நல்ல பட்டியல்" என்றார். நல்ல மனுஷர்.

நத்தாருக்கு முதல் நாள் விடியற்காலையிலேயே கன்னியாவுக்குப் போனோம். ஊரிலிருந்து அநுராதபுர வீதியில் சிறிது தூரந்தான். கூட்டம் சேருமுன் போனதால் கிணறுகள் எங்களுக்கே சொந்தம்போல இருந்தன. இராவணன் தன் தாயின் ஈமக் கடன்களுக்காக உண்டாக்கிய ஊற்றுகள் அவை என்பது கர்ண பரம்பரைக் கதை. ஏழும் அருகருகே இருந்தும் ஏழின் சூடும் ஒன்றுபோல இராது. பேரன் ஒவ்வொன்றிலும் வாளி விட்டு அள்ளி, கைவைத்துப் பார்த்து, கொப்பியில் வரிசைப்படுத்தினான். பேத்தி தன் கையால் பார்த்து அந்த வரிசையை மாற்றினாள். இருவருக்கும் பெரிய வாக்குவாதம். அந்த வாக்குவாதம் நடந்த அரை மணி நேரந்தான் அந்த விடுமுறையின் மிகச் சிறந்த அரை மணி நேரம் என்று இருவரும் பின்னர் சொன்னார்கள்.

"கீழே நெருப்பு எரிகிறதா, அம்மப்பா?"

நம் நாட்டில் எரிமலை கிடையாது. மழை நீர் பாறை வெடிப்புகளின் வழியே பூமிக்குள் வெகு ஆழம் இறங்குகிறது; ஆழம் போகப் போகப் பூமியின் உட்சூடு கூடுகிறது; அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு நீர் வேறு வெடிப்புகளின் வழியே மேலே ஏறி வருகிறது. மகா ஓயாவிலும் மதுனாகலையிலும் உள்ள வெந்நீர் ஊற்றுகளும் இவ்வகையினவே. இதை நான் சொன்னபோது பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் இது பழைய மழை" என்றான். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்த எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வரவில்லை.

கூட்டத்துக்குள் போவதற்கு முன் செய்ய வேண்டியவற்றையும் பிள்ளைகளோடு இருந்தே தீர்மானித்தோம். காணாமற் போனால் ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தேடிப்போவது பெரியவர்களின் வேலை. இது பேத்தியின் யோசனை. முந்தைய வருஷம் அவள் செய்ததும் அதுதானே! அம்மா, அப்பாவின் முழுப் பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். கூடவே முழங்கையின் உட்பக்கத்தில் பேனாவால் எழுதியும் வைக்க வேண்டும். இது பேரனின் யோசனை. உதவி கேட்பதானால் உத்தியோக உடையில் இருப்பவரிடம், அல்லது கடை வைத்திருப்பவரிடம், அல்லது பிள்ளைகளோடு வந்திருக்கும் ஒரு தாயிடம் கேட்க வேண்டும். இது அம்மம்மாவின் யோசனை. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிள்ளைகளின் பொறுப்பு இன்னாருக்கு என்று பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் ஒருவரும் பார்ப்பதில்லை. இது மட்டும் என் யோசனை. அனுபவித்துக் கற்றது.

நத்தார் தினத்தன்று எங்கும் போகவில்லை. அயல்வீட்டிலிருந்து கேக்கும் பலகாரமும் வந்தன. எங்கள் வீட்டு வடை அங்கே போயிற்று. பிள்ளைகள் முற்றத்தில் விளையாடினார்கள். விடுமுறையில் ஒரு நாளாவது இப்படி வெறுமையாக விட வேண்டும் என்பதும் நாங்கள் கற்ற பாடம்.

மறுநாள் டிசெம்பர் 26. பேத்தியின் மானுக்கு உரிய நாள். காலையில் முதலில் டச்சுக்குடாக் கடற்கரையில் கொஞ்சம் நடந்தோம். பேரன் கடலில் இறங்கக் கேட்டான். மார்கழிக் கடல் நம்பத்தக்கதன்று என்று சொன்னேன். 1964 ஆம் ஆண்டு டிசெம்பர் 22 ஆம் திகதி எங்கள் கரையைத் தாக்கிய பெரும் புயல்தான் பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. 2020 ஆம் ஆண்டு டிசெம்பர் 2 ஆம் திகதி புரெவிப் புயல் கரையேறியதும் இம்மாவட்டத்தின் குச்சவெளி, திரியாய்ப் பக்கத்தில்தான். அலையில் கால் நனைக்கலாம். முழங்காலுக்கு மேல் போகக் கூடாது என்று எல்லை வகுத்தோம்.

9.25 ஆயிற்று. கரையில் நின்ற பெரியவர்கள் சிலர் பேச்சை நிறுத்தித் தலைகுனிந்து நின்றார்கள். நாங்களும் நின்றோம். 9.27 வரை இரண்டு நிமிஷம் நாடு முழுவதும் அனுஷ்டிக்கும் மௌன அஞ்சலி அது.

"ஏன் எல்லோரும் பேசாமல் நின்றார்கள்?" என்று பேத்தி கேட்டாள்.

'பிறகு சொல்கிறேன்' என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்லலாமா? நல்ல நாளும் அதுவுமாய் அவர்களைப் பயமுறுத்தலாமா? ஆனால் முந்தைய வருஷத்துச் செருப்பு ஞாபகம் வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என்று மணலில் உட்கார்ந்தேன்.

2004 ஆம் ஆண்டிலும் நத்தாருக்கு மறுநாள் விடுமுறைதான். ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா தினமுங்கூட. நம் நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால் சுமாத்திரா தீவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பேரலைகள் நம் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தன. அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்கு அதைச் சொல்ல இந்து சமுத்திரத்தில் அன்று ஓர் எச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை. நம் நாட்டில் மாத்திரம் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தை மாதம் பாடசாலை திறந்து நான் இடாப்பை எடுத்துப் பெயர் கூப்பிட்டபோது சில பெயர்களுக்குப் பதில் வரவில்லை. இவ்வளவையும் சொன்னேன், இதற்கு மேல் சொல்லவில்லை.

பேத்தி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். பேரன், "பிள்ளைகளால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டான்.

அதற்கும் ஒரு பதில் என்னிடம் இருந்தது. அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரை ஒன்றில், நத்தார் விடுமுறைக்கு வந்த இங்கிலாந்துக் குடும்பம் ஒன்று உலாவிக்கொண்டிருந்தது. அவர்களுடைய மகள் டில்லி ஸ்மித்துக்கு வயது பத்து. கடல் வழக்கத்துக்கு மாறாக நுரைத்துக் கொதிப்பதுபோல் பொங்குவதை அவள் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அவளுடைய பூமிசாஸ்திர ஆசிரியர் வகுப்பில் சுனாமியைப் பற்றிக் கற்பித்திருந்தார். இது அதுதான் என்று அவள் கத்தினாள். தாய் முதலில் நம்பவில்லை. ஆனால் தந்தை அவள் சொல்லுக்குக் காது கொடுத்தார். விடுதிக் காவலாளியிடம் போய்ச் சொன்னார். கடற்கரையிலிருந்த நூறு பேரளவில் விலகி ஓடித் தப்பினார்கள். அந்தக் கரையில் ஒருவரும் மாளவில்லை.

அந்தப் பத்து வயதுப் பிள்ளையின் அறிவை மெச்சாதவர் இல்லை. நான் அதனோடு அந்தத் தந்தையின் காதையும் மெச்சுகிறேன். பிள்ளைக்குத் தெரிந்திருந்தது, பெரியவர் ஒருவர் கேட்டார். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த நூறு பேரும் இல்லை.

"இங்கே அப்படி வந்தால் நாங்கள் எங்கே ஓடுவது?" என்றான் பேரன்.

இத்தனை வருஷம் இந்தக் கரையில் உலாவிய நான் திகைத்துப் போனேன். பிள்ளைகளோடு ஒருமுறையேனும் அந்தக் கேள்வியை நான் எண்ணிப் பார்க்கவில்லை. இருவரும் எழுந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பேத்திதான் கையை நீட்டினாள். "மான் இருக்கிற மலைக்கு!" ஆம், டச்சுக்குடாவுக்கு அருகே உயர்ந்த நிலம் கோணேசர் மலைதான். கடல் திடீரென்று பின்வாங்கினாலும், பொங்கினாலும், பெரும் இரைச்சல் கேட்டாலும், எதையும் எடுக்க நில்லாமல் மேட்டுக்குப் போக வேண்டும். ஓர் அலை வந்து போனதும் இறங்கி வரக் கூடாது, பின்னால் வருவது இன்னும் பெரிதாக இருக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தேன்.

"செருப்பையும் எடுக்கக் கூடாதா?" என்று பேத்தி கேட்டாள்.

"செருப்பையும் எடுக்கக் கூடாது."

சற்று யோசித்து, "சரி" என்றாள். அவளிடம் இருந்து அந்தச் 'சரி' எளிதில் வந்ததன்று என்பது உங்களுக்குத் தெரியும்.

பிறகு கடற்கரையிலிருந்து கோட்டை வாசல் வரை எத்தனை அடி என்று அவர்களே எண்ணிக்கொண்டு நடந்தார்கள். பேரனின் கணக்கும் பேத்தியின் கணக்கும் ஒத்துவரவில்லை. காலின் நீளம் வேறல்லவா? வழி மாத்திரம் இருவருக்கும் மனதில் பதிந்துவிட்டது. பயம் அவர்களிடம் இல்லை. வழி தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறைவு என்பதை அன்று கண்டேன். வாசலைத் தாண்டி மான்களின் முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். யாரோ வீசிய பொலித்தீன் பை ஒன்றை ஒரு மான் முகர்ந்தபோது பேத்தி ஓடிப்போய் எடுத்துவந்து என் பையில் திணித்தாள். "இது அதன் வயிற்றுக்குள் போனால் வருத்தம் வரும்" என்று எனக்கே பாடம் சொன்னாள். கோயிலுக்குப் போகும்போது சிவப்புச் செருப்பு ஒரு துணிப் பையில் அவள் தோளிலேயே தொங்கியது. பிற்பகல் ஒரு மணிக்கு வீடு திரும்பி, சாப்பிட்டு, எல்லோரும் நித்திரை கொண்டோம். அவ்வளவுதான் எங்கள் உல்லாசப் பயணம்.

தாய்மாரே, தந்தைமாரே! இந்த நத்தார் விடுமுறையில் நீங்களும் எங்கேனும் புறப்படுவீர்கள். அது எங்கள் ஊராகவும் இருக்கலாம். கொழும்புப் பக்கத்து விளையாட்டுப் பூங்காவாகவும் இருக்கலாம். வெளிநாட்டில் வாழ்வோர் டிஸ்னிலாண்டுக்கே போகலாம். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சிறுவர் உதவிக்கு 1929 என்ற இலக்கங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கும் முதலாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீங்கள் என்ன பார்க்க விரும்புகிறீர்கள் என்று கேளுங்கள். போகும் இடத்தில் கூட்டம் எப்படி இருக்கும், பிரிந்தால் என்ன செய்வது, கடல் என்றால் மேட்டு நிலம் எந்தப் பக்கம் என்று அவர்களோடு பேசுங்கள். வழியில் மூன்று முறை ஒன்றையே கேட்டால் அதில் ஏதோ இருக்கிறது என்று எண்ணுங்கள். கையைப் பிடித்து நடத்தப்படும் பிள்ளை நமக்குச் சுமையன்று, வழித்துணை. மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல்: வகுப்பில் கேட்ட பாடம் கடற்கரையில் உதவும் நாள் வரலாம். கேட்டதை மறவாதீர்கள், கண்டதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

இவ்வருஷத்துப் பட்டியல் போன வாரமே வந்து சேர்ந்தது. பேத்திக்கு இப்பொழுது எழுத்து நன்றாக வருகிறது. தாளில் இரண்டே வரி எழுதியிருந்தாள்.

'முதல் நாள்: மான்.

இரண்டாம் நாள்: கச்சான் அன்ரியைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும்.'

எங்களில் ஒருவருக்கும் இதுவரை தோன்றாத விஷயம் அது.